கடல் மேல் ஏறிய மினுக்கு

பெங்களூர்க்காரர் ஒருவருக்காகச் செய்த அலைச்சறுக்குப் பலகைக்கு நான் கடைசிப் பூச்சைப் பூசி, அது காய்ந்ததும் பழந்துணியால் வட்டம் வட்டமாகத் தேய்த்து மினுக்கு ஏற்றி முடித்த அன்றைக்கு மதியம், எங்கள் குப்பத்துக்கு எதிரே இருந்த கடலும், வடக்கே சவுக்குத் தோப்பில் தொடங்கித் தெற்கே உப்பங்கழி வாய் வரைக்கும், என் கை போன வட்டப்படியே வட்டம் வட்டமாக மினுங்கி, அலை அடங்கி, சத்தம் நின்று, துடைத்து வைத்த தட்டுபோல ஆகிவிட்டது. கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கிக் கடலைப் பார்த்தார்கள், பிறகு எங்கள் கொட்டகையைப் பார்த்தார்கள், அப்புறம் சிவகாமி அக்கா, "தேசிங்கு பொண்டாட்டி பலகைக்கு மினுக்கு ஏத்திட்டா போலக்கீது" என்று சொன்னாள், எல்லோரும் மறுபடி வலையைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

அதற்கு ஒன்பது நாளைக்கு முன்னால் என் வீட்டுக்காரர் அந்தக் கடலில் போய்விட்டிருந்தார்.

அவர் ஓட்டை விழுந்த ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுகிறவர். பட்டணத்துப் பிள்ளைகள் அலையில் நின்று சறுக்க வந்து பலகையை உடைத்துக்கொண்டு நின்றபோது அதற்கும் ஒட்டுப் போட்டுக் கொடுத்தார், பிறகு அவர்களோடு சறுக்கப் பழகினார், பிறகு அவரே பலகை செய்ய ஆரம்பித்தார். நுரைக்கட்டையைச் செதுக்குவதும் துணி ஒட்டி ரெசின் ஊற்றுவதும் அவர். உப்புத்தாள் பிடித்துத் தேய்ப்பது நான். கடைசியில் பலகையை இரண்டு விதமாக விடலாம். தேய்த்தபடியே விட்டால் காய்ந்த தோல்போல மங்கலாக இருக்கும். இல்லை என்றால் அதன்மேல் இன்னொரு பூச்சுக் கொடுத்து மினுக்கினால் குனிந்தவர் மூஞ்சி அதில் தெரியும். அவர் எப்போதும் தேய்த்துத்தான் விடுவார். "தேச்சது எடை கம்மி, தண்ணியோட ஒத்துப் போவும். மினுக்கு பாக்கறவனுக்கு, ஓட்டறவனுக்கு இல்ல" என்பார். நான் எதற்கும் எதிர்ப்பேச்சுப் பேசாதவள், கடைக்குப் போனாலும் எனக்கு முன்னால் எத்தனை பேர் நுழைந்தாலும் ஒதுங்கி நிற்பவள், அவர் கடலுக்குப் போன அன்றைக்குக் காலையில் என்னமோ வாய் வந்துவிட்டது. பெங்களூர்க்காரர் எப்படி விட்டாலும் சரி என்று சொல்லிவிட்டிருந்தார்.

"ஒரு தடவை, ஒரே ஒரு தடவை மூஞ்சி தெரியற மாதிரி ஒண்ணு செய்யக்கூடாதா? எல்லாம் மங்கலாவே செஞ்சா பாக்கறவங்க என்னான்னு நெனைப்பாங்க?"

"இன்னாத்துக்கு இப்ப? மூஞ்சி பாக்கணும்னா கண்ணாடி வாங்கித் தர்றேன்."

"எனக்கு இது வேணும்."

அவர் என்னைப் புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். சிரிக்கவில்லை. "சரி, வந்து சொல்றேன்" என்று தன் பழைய பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு போனார். ஐப்பசிக் கடைசி, கடல் கறுத்துக் கிடந்தது. பலகை கரைக்கு வந்தது, அவர் வரவில்லை.

எங்கள் குப்பத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கடல் ஓர் ஆளை எடுத்துக்கொண்டால் அந்த உடம்பு கரையேறுகிற வரைக்கும் யாரும் தொழிலுக்குப் போகக் கூடாது, ஒரு வலையும் நனையக் கூடாது. பதினாறு நாள் பார்ப்பார்கள். அதற்குள் கிடைக்கவில்லை என்றால் வைக்கோலில் ஆள் கட்டி, அவர் சட்டையைப் போட்டு, அதற்குச் செய்ய வேண்டியதைச் செய்து, பொண்டாட்டி தாலியை வாங்கிக்கொண்டு, கடலைத் திறந்துவிடுவார்கள். எட்டு நாள் நான் வீட்டுக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். ஒன்பதாம் நாள் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. கொட்டகைக்குப் போனேன், வந்து சொல்வதாக அவர் சொல்லிவிட்டுப் போன பதில் அங்கே பலகை மேல் சொல்லாமலே கிடந்தது, செத்துப்போனவரோடு சண்டை போட்டு ஜெயிக்கிறேன் என்று தெரிந்தேதான் நான் மினுக்குப் பூச்சைக் கலந்தேன்.

கடல் மினுங்கின மறுநாள் காலையில் கஜபதி அண்ணா, என் வீட்டுக்காரருடைய அக்கா புருஷன், வலை இல்லாமல் வெறும் படகை எடுத்துக்கொண்டு அந்த மினுக்கு மேல் போனார். துடுப்பு போட்ட இடத்தில் வளையம்கூட வரவில்லை, படகு எண்ணெயில் போவதுபோலப் போனது என்றார். அலை முன்பு உடைகிற இடம் தாண்டி, மூன்று ஆள் ஆழத்தில், மணல் மேல், நீலக் கால்சட்டையோடு, ஒரு கை தலைக்குக் கீழே, வீட்டில் ஒருக்களித்துப் படுப்பதுபோலவே படுத்திருக்கிறார் என்றார். ஒரு குறையும் இல்லை என்றார். மீன்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போகின்றன, தொடவில்லை என்றார்.

கயிறு போட்டார்கள். கொக்கி போட்டார்கள். நாலு பேர் குதித்தார்கள், முழங்கை ஆழம் வரைக்கும் உள்ளே விட்ட தண்ணீர் அதற்கு மேல் வழுக்கி அவர்களை மேலே கொண்டுவந்து வைத்தது. பதினாறாம் நாள் கோயில் முன்னால் பஞ்சாயத்து கூடியது. நான் பெண்கள் பக்கத்தில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன், என் மகள் தன்ஷி மடியில் இருந்தாள், அவளுக்கு நாலு வயது.

"ஆள் கெடைக்கலன்னா வைக்கோல் பொம்மை, ஆள் கெடைச்சா அடக்கம்" என்றார் ஊர்த்தலைவர், நாட்டார் தசரதன். "இவன் ரெண்டுலயும் சேரலையே."

"கண்ணுக்குத் தெரியறான் இல்ல நாட்டாரே, கெடைச்ச மாதிரிதானே?"

"தெரியறது வேற, கைக்கு வர்றது வேற."

"அப்ப பொம்மை கட்டிடலாம்."

"கண்ணெதிர்ல படுத்துக்கினு கீறவனுக்கு வைக்கோல்ல ஆள் செஞ்சு வெப்பியா நீ? அவன் பாத்துக்கினு இருப்பான்டா."

ஆகவே உடம்பு கரையேறுகிற வரைக்கும் கடல் மூடியே இருக்கும், தேசிங்கு பொண்டாட்டி தாலியோடே இருக்கலாம் என்று முடிவானது. பலகையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பலகையைத் தேய்த்துவிட்டால் கடலும் மினுக்கு போய் அலையடிக்கும் என்பது அங்கே இருந்த குழந்தைகளுக்குக்கூடத் தெரியும், ஆனால் தேய் என்று என்னிடம் சொல்வது உன் தாலியை நீயே அறு என்று சொல்வது, அதை எந்த வாயால் சொல்வது என்று எல்லோரும் தரையைப் பார்த்தார்கள், நான் எல்லோர் வாயையும் பார்த்தேன், யாராவது சொல்லிவிட்டால் செய்துவிடலாமே என்று எனக்கு இருந்தது, சொல்லிவிடுவார்களோ என்றும் இருந்தது.

பிறகு குப்பம் அந்தக் கடலோடு இருக்கப் பழகிக்கொண்டது. பெண்கள் படகு ஓரத்தில் குனிந்து தலை வாரிக்கொண்டார்கள், ஆண்கள் முகம் மழித்துக்கொண்டார்கள், கடற்காக்கைகள் இறங்கப் பார்த்து வழுக்கி விழுந்து வெட்கப்பட்டதுபோல எழுந்து போயின. கார்த்திகை மழை வந்தபோது தண்ணீர் கடலோடு கலக்கவில்லை, துளித்துளியாக உருண்டு கரைக்கு ஓடிவந்தது, பெண்கள் குடத்தில் பிடித்துக்கொண்டார்கள், அது இனிப்பாக இருந்தது. அலைச்சத்தம் இல்லாமல் கைக்குழந்தைகள் தூங்க மறுத்தன, தாய்மார்கள் முறத்தில் மணலைப் போட்டு இப்படியும் அப்படியும் ஆட்டி அந்தச் சத்தத்தை உண்டாக்கினார்கள். அடுத்த குப்பத்துக்காரர்கள் தங்கள் எல்லையில் அலை வழக்கம்போல அடிப்பதையும் எங்கள் எல்லையில் கோடு போட்டதுபோல அது நின்றுவிடுவதையும் வந்து பார்த்துவிட்டு, பாவம் என்று சொல்லி, கூடையில் கொஞ்சம் மீனும் வைத்துவிட்டுப் போனார்கள். முதல் மாதம் வைத்தார்கள். அப்புறம் அவர்களும் வரவில்லை.

எங்கள் ஆண்கள் சித்தாள் வேலைக்குப் போனார்கள். கயிறு மட்டுமே பிடித்த கைகளைச் சிமெண்டு தின்றது. மாலையில் பேருந்திலிருந்து இறங்கி வெள்ளை வெள்ளையாக நடந்து வருவார்கள், கடலைப் பார்க்காமல் வருவார்கள்.

ஆனாலும் கஜபதி அண்ணா வேலைக்குப் போகுமுன், விடிந்த கொஞ்ச நேரத்தில், என்னையும் தன்ஷியையும் படகில் ஏற்றிக்கொண்டு போய் அவரைக் காட்டிக் கூட்டிவந்தார். ஒரு நாளும் தவறவில்லை. நான் போய்ச் சேர்ந்ததும் முந்தானையைத் தலைக்கு மேல் பந்தல்போலப் பிடித்துக் குனிந்துகொள்வேன், அப்போதுதான் வானம் மறைந்து அவர் தெரிவார். தன்ஷி அவரிடம் அங்கன்வாடியில் நடந்ததெல்லாம் சொல்வாள். நேற்று போட்ட அதே கால்சட்டை, அதே ஒருக்களிப்பு, அதே மூடின கண். சிவகாமி அக்கா கிணற்றடியில் சொன்னாள்:

"எம் புருஷன் ஊட்லயேதான் கீறான், ஒரு நாள் மூஞ்ச காட்றதில்ல. இவளுக்குப் பாரு, தெனம் தரிசனம்."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஒருத்தி எனக்குப் பூ நீட்டினாள். "வெச்சுக்கோ ஏகா, ஊட்டுக்காரன் பாப்பான் இல்ல." வாங்கி வைத்துக்கொண்டேன். அவளுடைய மூன்று பிள்ளைகளும் அன்றைக்குக் கஞ்சித் தண்ணீர்தான் குடித்தன என்று எனக்குத் தெரியும். பூ எப்படி வாங்கினாள் என்று நான் கேட்கவில்லை.

மார்கழியில் ஒரு நாள் படகில் கஜபதி அண்ணா துடுப்பை நிறுத்திவிட்டுத் தண்ணீருக்குள் பார்த்துப் பேசினார்.

"மச்சான், நீ மட்டும் சொகமா தூங்கிக்கினு கீற. என் கையப் பாத்தியா?"

வெடித்த உள்ளங்கையை அவர் தண்ணீரிடம் காட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "சும்மா சொன்னேன்மா, நீ ஒண்ணும் நெனைச்சுக்காத" என்றார். நான் முந்தானைக்குள் குனிந்தேன். அன்றைக்குத்தான் கவனித்தேன், எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் அவர் முகத்தின்மேல் என் முகம் வந்து உட்கார்ந்துகொண்டது. எது அவர் மூக்கு, எது என் மூக்கு என்று பிரிக்க முடியவில்லை. இத்தனை நாளும் அவரைப் பார்த்தேனா, என்னையேதான் பார்த்துவிட்டு வந்தேனா என்று நினைத்து முந்தானையைக் கீழே விட்டேன். வீட்டுக்கு வந்து அவர் குரலை நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. கொட்டகைக்குள் போய்ப் பலகை அருகில் நின்றேன், உப்புத்தாளைக் கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன். மறுநாளும் படகில் போனேன்.

தை அமாவாசை வந்தது. இறந்துபோன தாய் தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க ஊர் ஊராக ஆட்கள் எங்கள் கரைக்கு வருவது வழக்கம், அந்த வருஷமும் வந்தார்கள். கொடுத்த எள் மூழ்கவில்லை. வைத்த சோற்று உருண்டை கரையவில்லை. எல்லாம் மினுக்கு மேல் அப்படியே நின்றன, காக்கைகள் கடல்மேல் நடந்து போய் ஒவ்வொன்றாகத் தின்றன. வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார்கள். எங்கள் ஆட்களுக்குப் போக வேறு கரை இல்லை, ஈரம் ஒட்டாத கையைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றார்கள்.

அன்றைக்கு உச்சி வெயிலில் குணவதி அண்ணி, என் வீட்டுக்காரருடைய அக்கா, கஜபதி அண்ணாவின் பொண்டாட்டி, கொட்டகைக்கு வந்தாள். ஊரில் வாய்க்காரி என்று பேர் எடுத்தவள். சாவு வீட்டில் அவள் மாரடித்துப் பாட ஆரம்பித்தால் பிணத்துக்கே அழுகை வரும் என்பார்கள். மூன்று மாதமாக என்னிடம் ஒரு வார்த்தையும் கடிந்து சொல்லவில்லை, அதுவே எனக்குப் பயமாக இருந்தது. வந்து ரெசின் டின் மேல் உட்கார்ந்தாள். பலகையைப் பார்த்தாள். அதில் அவள் முகம் தெரிந்தது, கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"நல்லாத்தான் செஞ்சிக்கீற" என்றாள்.

நான் பலகை மேல் படிந்திருந்த தூசியைத் துடைத்தேன்.

"புள்ளைங்க பசின்னு கேக்க வரல, ஏகா. பசி பழகிப்போச்சு. எங்கூட்டுக்காரரு கை வெந்துபோச்சு, அதுக்கும் வரல."

"அண்ணி..."

"அவன் பொறந்தப்ப எனக்கு ஏழு வயசு. எங்கம்மா கூடை தூக்கிக்கினு போய்டும், இடுப்புல வெச்சு வளத்தவ நானு. ஊர்ல இருக்கற பொணத்துக்கெல்லாம் பாடினேன், எந்தம்பிக்கு ஒரு வரி பாடல. எப்டிப் பாடறது? எட்டிப் பாத்தா தூங்கறவனாட்டம் கீறான். மூணு மாசமா இங்கயே நிக்குது." அவள் தொண்டைக் குழியில் விரலை வைத்தாள். "முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. அவன் உனக்கு மட்டும்தான் சொந்தமா, சொல்லு. எனக்கு அவன அழணும்."

"தேச்சுடுன்னு சொல்லுங்க அண்ணி. நீங்க சொன்னா தேச்சுடறேன்."

"நான் சொல்ல மாட்டேன்." அவள் எழுந்தாள். "நாளைக்கு ஒரு நாள் நீ என்னைப் பாத்து, நீதானே சொன்னன்னு கேப்ப. அத நான் தாங்க மாட்டேன். இது உன்னுது, நீ பாத்துக்கோ."

அவள் போனபிறகு வாளியில் தண்ணீர் எடுத்துவந்து, உப்புத்தாளை நனைத்து, பலகையின் வால் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். முதல் இழுப்புக்கு மினுக்கு கொஞ்சம் பால் பிடித்ததுபோல வெளுத்தது. வடக்கே சவுக்குத் தோப்புக்கு எதிரில் தண்ணீர் மங்கி, சிலிர்த்து, ஒரு சின்ன அலை எழுந்து விழுந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு அந்தச் சத்தம் கேட்டதும் தெருவில் யாரோ பாத்திரத்தைக் கீழே போட்டார்கள். நான் நிற்கவில்லை. ஒரு கை அகலம் தேய்த்தால் ஒரு படகுத்துறை அகலம் கடல் திரும்பியது, இன்னொரு கை அகலம் தேய்த்தால் இன்னொரு துறை, வெள்ளைச் சேறு என் மணிக்கட்டு வழியாக வழிந்து முழங்கையில் சொட்டியது, வெளியே ஆட்கள் கூடினார்கள், ஆனால் யாரும் உள்ளே வரவில்லை, யாரும் நல்லது என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நடுவில் ஓர் உள்ளங்கை அளவு இடத்தை விட்டுவிட்டேன்.

தெரியாமல் விட்டது அல்ல. சுற்றி எல்லாம் தேய்த்துவிட்டு அந்த இடத்துக்கு வரும்போது கையைத் திருப்பிக்கொண்டேன், திரும்பவும் வந்து திரும்பவும் திருப்பிக்கொண்டேன். கடலில் எல்லாப் பக்கமும் அலை எழுந்து, அவர் படுத்திருந்த இடத்துக்கு மேலே மட்டும் ஒரு வட்டம், தட்டு அளவுக்கு, அசையாமல் மினுங்கிக்கொண்டிருந்தது. வாசலில் கஜபதி அண்ணா நின்றார். அவர் பார்வை அந்த உள்ளங்கை இடத்துக்குப் போய், என்னிடம் வந்து, தரைக்குப் போனது.

"இருக்கட்டும்மா" என்றார். "இன்னிக்கு இவ்ளோ போதும்."

அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் விட்டிருப்பேனோ என்னவோ. வெந்த கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு ஒரு மனுஷன் இருக்கட்டும் என்று சொல்கிறார். தன்ஷியைக் கூப்பிட்டு, வெளியே போய் அத்தையோடு இரு என்றேன். பலகை மேல் குனிந்தேன். அந்த உள்ளங்கை அளவில் என் ஒரு கண் மட்டும் தெரிந்தது. அதன்மேல் தாளை வைத்து அழுத்தினேன். "நீங்க சொன்னதுதான் சரி" என்று என் வீட்டுக்காரருக்குச் சொன்னேன், சொல்லிக்கொண்டே தேய்த்தேன், முழுவதும் மங்கின பிறகும் கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

வெயில் சாயும்போது அவர் கரைக்கு வந்தார். மூன்று மாதமும் ஒரே நேரத்தில் அவர் மேல் வந்து இறங்கியிருந்தது. அலை கொண்டுவந்து போட்டதும் ஆண்கள் ஓடிப்போய்ப் படகுத் துணியால் மூடிவிட்டார்கள், முகத்தைப் பார்க்க என்னை விடவில்லை, நானும் கேட்கவில்லை. தன்ஷி துணியைப் பார்த்தாள். "இது யாரும்மா?" என்று கேட்டாள். "அப்பா தண்ணிக்குள்ள தானே கீறாரு?" குணவதி அண்ணி மணலில் விழுந்து, இரண்டு கையாலும் நெஞ்சில் அறைந்து, வாயைத் திறந்தாள். அவள் தொண்டையில் மூன்று மாதமாக நின்றது அப்போது வெளியே வந்தது, அலைச்சத்தத்தையும் மீறி அது அடுத்த குப்பம் வரைக்கும் கேட்டது என்று பிறகு சொன்னார்கள். என் தாலியை அவள்தான் வாங்கினாள். முடிச்சு இறுகிக் கிடந்தது, நானே பின்னால் கை கொடுத்து அவிழ்த்துக் கொடுத்தேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் நாட்டார் கடலைத் திறந்துவிட்டார். படகுகள் வரிசையாக அலையில் ஏறிக் குதித்துப் போவதை எங்கள் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பெங்களூர்க்காரர் ஒரு நாள் காரில் வந்து பலகையைத் தடவிப் பார்த்தார்.

"மினுக்கு ஏத்தினதா சொன்னாங்களே?"

"தேச்சுட்டேன் சார்."

அவர் பலகையைக் காரின் தலையில் கட்டிக்கொண்டு போனார்.

பதினாறாம் நாள் காரியம் கழிந்து எங்கள் வீட்டில் கவுச்சி சமைக்கலாம் என்று ஆனதும், குணவதி அண்ணி கூடையோடு வந்து வாசலில் நின்றாள். சங்கரா மீன், நல்ல பெருசாக, கண் சிவந்து, செவுள் இன்னும் அசைகிற மாதிரி இருந்தது. நம்ம எல்லைக்குள்ளேயே வலையில் பட்டது என்றாள். எந்த இடத்தில் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை, ஆனால் இரண்டு பேரும் மீனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். குப்பம் முழுக்க அன்றைக்கு அடுப்பு எரிந்தது. நான் செதில் உரசி, குடல் எடுத்து, அலசி, புளி கரைத்துக் குழம்பு வைத்தேன். தன்ஷிக்கு முள் எடுத்து ஊட்டினேன், அவள் இன்னும் வேண்டும் என்றாள், இன்னும் கொடுத்தேன். பிறகு எனக்கும் ஒரு துண்டு போட்டுக்கொண்டு சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தேன்.

உப்பு சரியாக இருந்தது.